ஜெபத்துக்கு ஒரு பேரேடு

பிரஷ்யாவின் ஹைமர்ஸ்லேபென் ஊரில் வரி வசூல் அதிகாரியாக இருந்த ஒருவர், தம் மகன்கள் கையில் சின்ன வயதிலேயே தாராளமாகக் காசு கொடுத்துவந்தார். செலவழிப்பதற்காக அல்ல; பணத்தைக் கட்டிக்காக்கப் பழகட்டும் என்பதற்காக. அவ்வப்போது கூப்பிட்டுக் கணக்குக் கேட்பார். மகன்களில் ஒருவனான ஜார்ஜ் காசைக் கண்டபடி செலவழித்துவிட்டுக் கணக்கில் பொய் எழுதினான். அப்பா கொடுத்ததில் ஒரு பகுதியை வரவு வைக்காமலே விட்டான். இல்லாத காசை இருப்பில் காட்டினான். பத்து வயது நிரம்பும் முன்பே அப்பாவின் பொறுப்பில் இருந்த அரசாங்கப் பணத்திலும் கைவைத்தான். சந்தேகப்பட்ட தந்தை ஒருநாள் எண்ணிய பணத்தை அறையில் வைத்துவிட்டு நகர்ந்தார். திரும்பிவந்து மகனைச் சோதித்தபோது, காணாமல்போன காசு அவனுடைய ஷூவுக்குள், பாதத்துக்கு அடியில் இருந்தது.

1805இல் பிறந்த அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைக் குழந்தைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர். இந்தத் திருட்டையும் பொய்க்கணக்கையும் உலகுக்குச் சொன்னவர் வேறு யாருமல்ல, அவரேதான். 1837இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களிலேயே இவை இருக்கின்றன. அதே நூலின் பிற்பகுதி முழுவதும் இன்னொரு வகைக் கணக்கு: எந்த நாளில் எதைக் கேட்டு ஜெபித்தார், எந்த நாளில் எது வந்தது, வந்தது எத்தனை பவுண்டு, எத்தனை ஷில்லிங், எத்தனை பென்னி. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் இந்தக் கணக்கை விடாமல் எழுதினார். ஜெபத்தை எழுதிவைக்கும் பழக்கம் இன்று உலகெங்கும் கிறிஸ்தவர்களிடையே ஒரு பக்திமுறையாக வேரூன்றியிருக்கிறது என்றால், அதற்குப் பிரிஸ்டல் ஏடுகள் ஒரு முக்கியமான காரணம். அந்த ஏடுகளின் தாக்கம் திருநெல்வேலிச் சீமைவரை வந்து சேர்ந்தது.

முல்லருக்கு முன்பும் ஜெபத்தை எழுதியவர்கள் உண்டு. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1544 பிப்ரவரி தொடங்கி ஓராண்டுக்கு மேல் எழுதிய ஆன்மிக நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. திருப்பலியின்போது தமக்குக் கண்ணீர் வந்ததா, எப்போது வந்தது என்பதைக்கூட அவர் நாள்தோறும் குறித்திருக்கிறார். தம் தியானப் பயிற்சிகளிலும் அவர் ஒரு முறை வகுத்தார்: ஒரு குறிப்பிட்ட குறையை விட விரும்புகிறவர், ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, அந்தக் குறையில் விழுந்த தடவைக்கெல்லாம் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தேறினோமா தேறவில்லையா என்பது தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1725 முதல் குறிப்பேடு எழுதினார். மற்றவர்கள் படிக்க முடியாதபடி சங்கேதக் குறிகளில் எழுதப்பட்ட ஏடு அது. 1734க்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, தம் பக்தியின் நிலையை ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் கொடுத்து அளந்தார். அமெரிக்கப் பழங்குடிகளிடையே ஊழியம் செய்து இளவயதிலேயே இறந்த டேவிட் பிரெய்னர்டின் நாட்குறிப்பை ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1749இல் அச்சிட்டார். வில்லியம் கேரியும் ஹென்றி மார்ட்டினும் அதைப் படித்து உரம் பெற்றுத்தான் இந்தியாவுக்கு வந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் தங்கள் உள்ளத்தைப் பார்த்து எழுதினார்கள். மனம் கனிந்ததா, வறண்டதா, பாவம் ஜெயித்ததா என்பவையே அந்த ஏடுகளின் பொருள். முல்லர் கேட்ட கேள்வி வேறு. தாம் எப்படி ஜெபித்தோம் என்பதைவிட, கேட்டதற்குக் கடவுள் என்ன செய்தார் என்பதை எழுதுவதே அவருக்கு முக்கியமாகப் பட்டது.

ஹாலே நகரின் பாடம்

பதினாறு வயதில், விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் நழுவியதற்காக முல்லர் மூன்று வாரத்துக்கும் மேல் சிறையில் இருந்தவர். அதன்பிறகு இறையியல் படிக்க ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போதகராவது அவருக்கு அப்போது ஒரு நல்ல உத்தியோகம், அவ்வளவுதான். 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பன் ஒருவனுடன் ஒரு வீட்டுக் கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர் முழங்கால் படியிட்டு ஜெபித்தார். இருபது வயதான அந்த இறையியல் மாணவர், மனிதர் முழங்காலில் நின்று ஜெபிப்பதை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அன்றிரவிலிருந்து தம் வாழ்க்கை மாறியது என்று அவர் பிறகு எழுதினார்.

ஹாலேயில் அவர் இரண்டு மாதம் தங்கிய இடமும் கவனிக்கத்தக்கது. ஏழை இறையியல் மாணவர்களுக்கு இலவச இடம் தந்த அந்தக் கட்டடம், ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே கட்டிய அநாதை இல்லத்தைச் சேர்ந்தது. 1695இல், காணிக்கைப் பெட்டியில் கிடைத்த ஒரு சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் பிராங்கே. இல்லம் வளர்ந்தபோது, பணம் இல்லாத நாட்களையும் அது வந்துசேர்ந்த விதத்தையும் விவரமாக எழுதி 1701இல் நூலாக்கினார்.

தமிழகத்துக்கும் ஹாலேக்கும் உள்ள உறவு முல்லர் அங்கே படித்த காலத்தைவிடப் பழையது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனரிகள் தங்கள் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஹாலேக்கு அனுப்ப, அவை 1710 முதல் தொடர் வெளியீடாக அச்சேறின. கடற்கரைக் கிராமங்களில் நடந்த உரையாடல்கள், நோய், கைப்பணம் தீர்ந்த நாட்கள், கிடைத்த உதவிகள் எல்லாம் ஜெர்மன் வீடுகளில் படிக்கப்பட்டன; படித்தவர்கள் அந்த ஊழியத்துக்காக ஜெபித்தார்கள், காணிக்கை அனுப்பினார்கள். ஊழியத்தின் அன்றாடத்தை எழுதிவைத்தால் தொலைவில் இருப்பவரின் விசுவாசமும் வளரும் என்பதை ஹாலே நூறாண்டுகளாகக் கண்டிருந்தது. முல்லர் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்.

1829இல் அவர் இங்கிலாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டு மேரி குரோவ்ஸை மணந்தார். மணமான சில வாரங்களிலேயே சபை தந்த சம்பளத்தை விட்டுவிட்டார். ஆலய இருக்கைகளை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது அன்றைய வழக்கம். பணமுள்ளவனுக்கு முன்னிருக்கை, ஏழைக்குப் பின்மூலை என்ற அந்த ஏற்பாட்டை அவர் மனம் ஏற்கவில்லை. இனித் தம் தேவையை எந்த மனிதரிடமும் சொல்வதில்லை என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்தார்கள். 1832இல் நண்பர் ஹென்றி கிரெய்க்குடன் பிரிஸ்டலில் குடியேறினார்கள்.

28 தட்டுகளும் ஒரு அலமாரியும்

1835 நவம்பரில் ஒரு வீட்டுக்குத் தேநீர் அருந்தப் போன முல்லரின் கண்ணில், அங்கிருந்த பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு பட்டது. அநாதை இல்லம் ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று வெகுநாளாக இருந்த எண்ணம் மீண்டும் கிளர்ந்தது. டிசம்பர் 5ஆம் தேதி 81ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, வாயைத் திறந்து கேட்கச் சொல்லும் அதன் பத்தாம் வசனம் அவரைப் பிடித்து நிறுத்தியது. அன்றே மூன்றைக் கேட்டு எழுதிவைத்தார்: ஒரு வீடு, ஆயிரம் பவுண்டு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஆட்கள்.

இரண்டு நாளில் முதல் ஷில்லிங் வந்தது. 9ஆம் தேதி முதல் மரச்சாமானாக ஒரு பெரிய துணி அலமாரி. சில நாள் கழித்து, புதிதாக ஏதாவது அடையாளம் வேண்டும் என்று காலையில் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே பாத்திரங்கள் வந்தன. அவர் பட்டியலிட்டிருக்கிறார்: பெரிய தாம்பாளம் மூன்று, தட்டு இருபத்தெட்டு, கிண்ணம் மூன்று, கூஜா ஒன்று, குவளை நான்கு, உப்புக்கிண்ணம் மூன்று, துருவி ஒன்று, கத்தி நான்கு, முள்கரண்டி ஐந்து. கத்தி நான்காகவும் முள்கரண்டி ஐந்தாகவும் இருந்ததைக்கூட எண்ணிக் குறித்த கை அது. ஆயிரம் பவுண்டை எழுதிய அதே கவனம் ஒரு துருவிக்கும் கிடைத்தது. தையல் வேலை செய்து வாரத்துக்குச் சில ஷில்லிங் மட்டுமே சம்பாதித்த ஒரு நோயாளிப் பெண், தனக்குப் பங்காகக் கிடைத்த சொத்திலிருந்து 100 பவுண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்க முல்லர் தயங்கினார். அவள் யோசித்துத்தான் தருகிறாள் என்று பேசித் தெளிந்த பிறகே வாங்கிக்கொண்டார். அதுவும் ஏட்டில் இருக்கிறது.

எல்லாம் கைகூடிய பிறகு, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஒருநாள் குறித்தார். அந்த நாளில் ஆலயத்தின் சிறு அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒருவர்கூட விண்ணப்பத்துடன் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் யோசித்தபோது அவருக்குக் காரணம் விளங்கியது: வீட்டைக் கேட்டிருந்தார், பணத்தைக் கேட்டிருந்தார், ஆட்களைக் கேட்டிருந்தார், பிள்ளைகள் வர வேண்டும் என்று ஒருதடவையும் கேட்கவில்லை. அநாதைகளுக்கா பஞ்சம் என்று தாமே நினைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அதற்காக ஜெபித்தார். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. சில வாரங்களில் இன்னும் நாற்பதுக்கு மேல் வந்தன. எதைக் கேட்டோம் என்று எழுதிவைத்திருந்தவருக்குத்தான் எதைக் கேட்காமல் விட்டோம் என்பதும் இவ்வளவு தெளிவாகத் தெரியும்.

1836 ஏப்ரல் 11ஆம் தேதி, வில்சன் தெருவின் 6ஆம் எண் வீட்டில் பெண்குழந்தைகளுக்கான இல்லம் திறந்தது. கேட்டிருந்த ஆயிரம் பவுண்டு முழுதாகச் சேர்ந்த நாள் 1837 ஜூன் 15. கேட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் பதினெட்டு மாதமும் பத்து நாளும். இத்தனைக்கும் ஒருவரிடமும் அவர் நேராகப் போய்ப் பணம் கேட்டதில்லை.

வெறும் கையோடு நின்ற நாட்கள்

முல்லரின் ஏட்டை மற்ற சாட்சி நூல்களிலிருந்து பிரித்துக்காட்டுவது, அதில் இல்லாமையும் எழுதப்பட்டிருப்பதுதான். 1838 செப்டம்பரில், அதற்குள் மூன்றாகியிருந்த இல்லங்கள் எல்லாவற்றிலும் சேர்ந்து மறுநாளைக்குப் பால் வாங்கக் காசு போதாத நிலை வந்தது. அதுவரை நிதிநிலையைத் தமக்குள் வைத்திருந்தவர், அந்த மாதம் உடன் ஊழியர்களை அழைத்து உள்ளதைச் சொன்னார். வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, கடனுக்கு எதையும் வாங்கக்கூடாது, சேர்ந்து ஜெபிக்க வேண்டும் என்றார். ஊழியர்களும் தங்கள் கைக்காசைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

செப்டம்பர் 18ஆம் தேதி லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி முல்லரைச் சந்தித்து மூன்று பவுண்டுக்குச் சற்று மேல் கொடுத்தார். மகள் இல்லத்துக்காகக் கொடுத்தனுப்பிய பணம். விசாரித்தபோது, அவர் பிரிஸ்டலுக்கு வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. அவர் தங்கியிருந்ததோ ஆண்பிள்ளைகளின் இல்லத்துக்கு அடுத்த வீடு. இல்லத்தில் காசில்லாமல் ஜெபித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், பணம் ஒரு சுவருக்கு அப்பால் இருந்திருக்கிறது. முன்பே கொடுக்க மனமில்லாமல் கடவுள் தாமதிக்கவில்லை, தம்மை இன்னும் ஜெபிக்க வைக்கவே தாமதித்தார் என்று முல்லர் அதைப் புரிந்துகொண்டு எழுதினார். நெருக்கடியின் நடுவில் இருப்பவருக்கு அந்தச் சுவர் தெரியாது. நாளும் தேதியும் போட்டு எழுதியிருந்ததால்தான் பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு அது தெரிந்தது.

அவர்மீது ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. யாரிடமும் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டு, ஆண்டறிக்கை அச்சிட்டு ஊரெல்லாம் கொடுப்பது கேட்பது ஆகாதா? கேள்வி நியாயமானது, முல்லரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 1841 டிசம்பரில் வழக்கமான பொதுக்கூட்டமும் அறிக்கையும் வர வேண்டிய நேரத்தில் கையிருப்பு மிகவும் இறங்கியிருந்தது. இப்போது அறிக்கை வெளியிட்டால் அது உதவி கேட்பதாகத் தோன்றும் என்று இரண்டையும் தள்ளிவைத்தார். அடுத்த நான்கு மாதம் அவர் கண்ட சோதனைகளிலேயே கடுமையானவற்றில் ஒன்று. அதைத் தாண்டிய பிறகே, ஒவ்வொரு நாளின் பற்றாக்குறையையும் சேர்த்து, அறிக்கை வெளிவந்தது.

எழுதி வெளியிடுவதற்கு அவர் சொன்ன காரணம் பணமல்ல. பிரிஸ்டலில் அவர் வீடுவீடாகச் சந்தித்த விசுவாசிகளில் பலர் வேலைக்கு அடிமைகளாக இருந்தார்கள். ஒருவர் நாளைக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்து உடல் நலிந்துபோயிருந்தார். வேலையைக் குறைத்து ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் நேரம் ஒதுக்குங்கள் என்றால், குடும்பத்தை யார் காப்பாற்றுவது என்பார்கள். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறவர் என்பதை இப்படிப்பட்டவர்கள் கண்ணால் காண ஒரு சான்று வேண்டும் என்று முல்லர் விரும்பினார். குழந்தைகளைக் காப்பது ஒரு நோக்கம்; பயந்து வாழும் விசுவாசிகளைத் திடப்படுத்துவது அதைவிட முதன்மையான நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஏடு இல்லாமல் அந்த இரண்டாவது நோக்கம் நிறைவேறியிருக்காது.

தென்றலும் வேலையாட்களும்

1845இல் வில்சன் தெருக்காரர் ஒருவர், குழந்தைகளின் இரைச்சல் தாங்கவில்லை என்று பணிவாகக் கடிதம் எழுதினார். முல்லர் அதில் நியாயம் கண்டு, ஊருக்கு வெளியே நிலம் தேடினார். ஆஷ்லி டவுன் மேட்டில் நிலம் இருந்தது. விலை ஏக்கருக்கு 200 பவுண்டு. உரிமையாளரைப் பார்க்க ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போயும் ஆள் அகப்படவில்லை. மூன்றாம் முறை தேடிப்போகாமல் காத்திருப்பதே கடவுள் சித்தம் என்று திரும்பிவிட்டார். மறுநாள் போனபோது உரிமையாளர் ஒரு செய்தி சொன்னார்: விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தவருக்கு இரண்டு மணி நேரம் தூக்கம் வரவில்லையாம், முல்லர் கேட்டால் ஏக்கர் 120 பவுண்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டாராம். 1846 பிப்ரவரியில் கிட்டத்தட்ட ஏழு ஏக்கர் கைக்கு வந்தது. 1849இல் 300 பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் திறந்தது. 1870க்குள் ஐந்து கட்டடங்கள், 2,050 பிள்ளைகளுக்கு இடம்.

அந்த முதல் கட்டடத்தில் 1857 நவம்பர் இறுதியில் நடந்ததை முல்லர் விவரமாக எழுதியிருக்கிறார். கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரில் பெரிய கசிவு. பாய்லரைச் சுற்றிச் செங்கல் கட்டியிருந்ததால், எங்கே கசிகிறது என்று பார்க்கவே நெருப்பை அணைத்துக் கட்டுமானத்தை உடைக்க வேண்டும். எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே 300 குழந்தைகள். பலர் மிகச் சிறியவர்கள். அடுத்த புதன்கிழமை வேலை தொடங்குவதென்று முடிவானது. முடிவான பிறகு வாடைக்காற்று வீசத் தொடங்கி, அந்தக் குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர் இறங்கியது.

முல்லர் இரண்டைக் கேட்டார்: வடக்கிலிருந்து வீசும் காற்று தெற்காக மாற வேண்டும், வேலை செய்ய வருகிறவர்களுக்கு, நெகேமியா காலத்தில் எருசலேம் மதிலைக் கட்டியவர்களுக்கு இருந்ததுபோல், வேலையில் மனம் இருக்க வேண்டும். செவ்வாய் மாலைவரை வாடை ஓயவில்லை. புதன் காலை தென்காற்று வீசியது. நெருப்பு இல்லாமலே இருக்கலாம் என்ற அளவுக்கு இதம். செங்கலை உடைத்ததும் கசிவு அகப்பட்டது. கொல்லர்கள் வேலையில் இறங்கினார்கள். இரவு எட்டரை மணிக்குப் பட்டறை முதலாளி வந்து, ஆட்கள் இன்று நெடுநேரம் இருந்துவிட்டு நாளை அதிகாலையில் திரும்புவார்கள் என்றார். ஆட்களின் தலைவர் குறுக்கிட்டு, இரவு முழுவதும் வேலை செய்யவே விரும்புகிறோம் என்றார். காலையில் கசிவு அடைபட்டிருந்தது. சுமார் முப்பது மணி நேரத்துக்குள் செங்கல் கட்டி முடித்து, பாய்லரில் நெருப்பு எரிந்தது. அத்தனை நேரமும் தென்காற்று நிற்கவில்லை.

இதைத் தற்செயல் என்று சொல்கிறவர் சொல்லலாம். ஆனால் எந்தக் காற்று வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டவருக்கு அது அப்படிப்படவில்லை. பொதுவாக ஆசீர்வதியும் என்று மட்டும் கேட்டிருந்தால், புதன்கிழமைக் காற்று வெறும் காற்றாகவே கடந்துபோயிருக்கும்.

முல்லரின் எழுதும் முறையைப் பிறர் இன்றும் பின்பற்றுகிறார்கள். திறந்த நோட்டின் ஒரு பக்கத்தில் விண்ணப்பமும் அதைத் தொடங்கிய தேதியும். எதிர்ப் பக்கம் பதிலுக்காகக் காலியாக. பதில் வந்ததும் நாளும் விதமும் எதிரே ஏறும். விண்ணப்பம் குறிப்பாக இருக்க வேண்டும், பதில் வருவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும், கேட்டபடி வராததும் மறைக்கப்படக்கூடாது. 1835இல் அவருடைய கைக்குழந்தை எலியா இறந்தது அவர் நூலில் இருக்கிறது. 1853இல் ஒரே மகள் லிடியா கொடிய காய்ச்சலில் விழுந்து பிழைத்ததும் அதிலேயே இருக்கிறது. பிழைத்ததைச் சொல்லி, பிழைக்காததை விட்டுவிடும் எழுத்தாக அது இல்லை.

பண விஷயத்திலும் அதே நேர்மை. 1898 மார்ச் 10ஆம் தேதி 92 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய கை வழியாகச் சுமார் 15 லட்சம் பவுண்டு போயிருந்தது; 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். சொந்தச் சொத்தாக அவர் விட்டுச்சென்றது 200 பவுண்டுக்கும் குறைவு. ஆண்டறிக்கைகளில் பெயரில்லாமல், பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க விரும்பும் கர்த்தரின் ஊழியக்காரன் ஒருவன் என்ற விதமாக வரவு வைக்கப்பட்டிருந்த காணிக்கைகள் யாருடையவை என்பது பிறகுதான் வெளியானது. அவை 81,000 பவுண்டுக்கும் அதிகம். கொடுத்தவர் முல்லரே.

வத்திராயிருப்பும் டோனாவூரும்

முல்லரின் மனைவி மேரிக்கு ஓர் அண்ணன்: ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிட்டரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவராக இருந்தவர், எல்லாவற்றையும் விட்டு 1829இல் பாக்தாதுக்கு மிஷனரியாகப் போனார். அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833இல் இந்தியாவுக்கு வந்து திருநெல்வேலிவரை பயணம் செய்தார். சம்பளமில்லாமல், கடவுளை மட்டும் நம்பி ஊழியம் செய்வதில் முல்லருக்கே முன்னோடியாக இருந்தவர் அவர். 1853 மே மாதம், பிரிஸ்டலில் முல்லரின் வீட்டிலேயே கண்மூடினார்.

திருநெல்வேலியில் அவரோடு இணைந்தவர்களில் ஒருவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810இல் பிறந்த இவர், பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். குரோவ்ஸோடு பழகிய பிறகு, மிஷன் சங்கங்கள் தரும் மாதச் சம்பளம் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அன்றைய உபதேசியார் ஒருவருக்கு அது சாதாரண முடிவல்ல. சம்பளம் போனால் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பது தெரியாது. 1842இல் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டை என்ற குடியிருப்பை அமைத்து, அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்தார். பாடல்கள் இயற்றினார். நாட்குறிப்பும் எழுதினார்.

1860இல் கிறிஸ்டியான்பேட்டையில் தொடங்கிய எழுப்புதல், திருநெல்வேலியின் பல சபைகளுக்குப் பரவியது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எழுந்த எழுப்புதல் செய்திகள் இங்கேயும் ஜெபத் தாகத்தை ஏற்படுத்தியிருந்தன. மனிதர் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள். ஊழியத்துக்கென்று சம்பளமின்றிப் புறப்பட்டுப் போனார்கள். வெளிநாட்டு மிஷனரியின் தலைமை இல்லாமல், ஒரு தமிழரின் குடியிருப்பில் பிறந்த எழுப்புதல் இது. 1867இல் அருளப்பன் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளைத் தொகுத்து ஜி. எச். லாங் 1939இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அந்த ஏடுகள் இல்லாமல் போயிருந்தால், கிறிஸ்டியான்பேட்டையில் நடந்ததை அயல்நாட்டு மிஷன் இதழ்களின் சில பத்திகளிலிருந்து மட்டுமே நாம் அறிந்திருப்போம்.

அதே நெல்லைச் சீமையில், அரை நூற்றாண்டு கழித்து, இன்னொரு ஏடு எழுதப்பட்டது. அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் வந்தாள். பிறகு வந்த குழந்தைகளுக்கு டோனாவூர் வீடானது. ரேனியஸ் காலத்தில் ஒரு ஜெர்மன் பிரபுவின் உதவியால் உருவாகி, அவர் பெயரையே பெற்ற கிராமம் அது. குழந்தைகள் பெருகப் பெருக அரிசி, பால், துணி, கட்டடம் என்று தேவையும் பெருகியது. முல்லரைப் போலவே ஏமி அம்மையாரும் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதிபூண்டார். தேவை எப்படி இருந்தது, எந்த நாளில் எவ்வளவு வந்தது என்பதை 1922 முதல் சிறு நூல்களாக ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். பணம் குறைந்த மாதங்களில், தங்கள் வாழ்வில் ஏதேனும் தவறு தடையாக நிற்கிறதா என்று டோனாவூர்க் குடும்பம் முதலில் தன்னையே சோதித்துக்கொண்டது.

எதிர்ப் பக்கம் காலியாக இருக்கும்போது

முல்லரின் பெயரைச் சொன்னதும் உடனடியாகப் பதில் கிடைத்த ஜெபங்களே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவர் தாமே திரும்பத் திரும்பச் சொன்ன ஓர் உதாரணம் வேறு மாதிரியானது. 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனமாற்றத்துக்காக அவர் ஜெபிக்கத் தொடங்கினார். உடல்நலமானாலும் நோயானாலும், தரையிலானாலும் கடலிலானாலும், ஒருநாள்கூட விடவில்லை. முதலாமவர் மனம் மாறப் பதினெட்டு மாதமாயிற்று. நன்றி செலுத்திவிட்டு மற்ற நால்வருக்காகத் தொடர்ந்தார். இரண்டாமவருக்கு மேலும் ஐந்து ஆண்டு. மூன்றாமவருக்கு அதன்பிறகு ஆறு ஆண்டு. மீதி இருவரும், தொடங்கி முப்பத்தாறு ஆண்டு ஆன பிறகும் மாறவில்லை என்று அவர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அப்போதும் அவர்களுக்காக நாள்தோறும் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

எழுதாத ஜெபம் முப்பத்தாறு ஆண்டு தாங்குவது கடினம். மனம் மறக்கும், மறந்ததைக் கடவுள் மறுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். ஏட்டில் மூன்று பெயர்களுக்கு எதிரே தேதி ஏறியிருக்க, இரண்டு பெயர்களுக்கு எதிரே இடம் வெறுமையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவருக்கு இரண்டு செய்திகள் ஒன்றாகக் கிடைக்கின்றன: கேட்டவர் கொடுத்திருக்கிறார், இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது. விசுவாசம் வளர்வது இவ்விரண்டின் நடுவே. பதில் கிடைத்த பக்கங்கள் தரும் துணிவை எடுத்துக்கொண்டுதான் ஒருவர் கிடைக்காத பக்கத்தின் முன் மறுநாளும் முழங்கால் படியிடுகிறார்.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் ஜெபக்குறிப்பு நோட்டு இன்று அரிய பொருள் அல்ல. பிள்ளையின் பரீட்சை, மகளின் திருமணம், வெளிநாடு போனவரின் விசா, புற்றுநோய் வார்டில் படுத்திருக்கும் உறவினர், குடியை விடாத அண்ணன் என்று பெயர்களும் தேவைகளும் அதில் வரிசையாக இருக்கும். பெண்கள் கூடுகையிலும் வாலிபர் கூட்டத்திலும் அந்தக் குறிப்புகள் வாசிக்கப்பட்டு, ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து ஜெபிக்கப்படும். பலரும் தவறவிடுவது பிரிஸ்டல் முறையின் இரண்டாம் பாதியை. விண்ணப்பம் எழுதப்படுகிறது, தேதி எழுதப்படுவதில்லை. பதில் வந்ததும் சாட்சி சொல்லிவிட்டு நோட்டில் குறிக்க மறந்துவிடுகிறார்கள். ஆண்டு இறுதியில், டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகும் முன், அந்த நோட்டைப் புரட்டி எது வந்தது, எது தாமதிக்கிறது, எதை நாம் கேட்பதையே விட்டுவிட்டோம் என்று எதிர்ப் பக்கத்தை நிரப்பி வைத்தால், புது ஆண்டில் எதிலிருந்து ஜெபத்தைத் தொடர வேண்டும் என்பது அன்றிரவே கையில் இருக்கும்.